மிஷின் கம்பெனிக்குப் பாக்கிச் சீட்டு கிடையாது: ஜிடெக், ஐஜிடி வரலாறு பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

#1 மேலமாசிவீதி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் விற்காத லாட்டரிச் சீட்டு 3 கட்டு, கொஞ்சம் உதிரி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், மை காய்ந்துபோன பேடு. அப்பா 19 வருஷம் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் சீட்டு விற்றவர். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984ல் அரசு லாட்டரி மறுபடி வந்தபோது ஆரம்பித்தார். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்ததோடு நின்றது.

அவர் தொழிலில் கஷ்டமே பாக்கிச் சீட்டுதான். காலையில் மொத்த வியாபாரியிடம் காசைக் கட்டிக் கட்டு எடுப்பார். மத்தியானம் குலுக்கல் முடிந்துவிட்டால் கையில் இருப்பது வெறும் காகிதம். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குலுக்கலுக்கு அரைமணி நேரம் இருக்கும்போது அவர் குரலே மாறிவிடும். "இன்னிக்கு, இன்னிக்கு" என்று திருமங்கலம் பஸ்ஸில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர் பஸ்ஸில் ஏறித் திரும்புவார். ராத்திரி ரிசல்ட் தாளை விரித்து, விற்காத சீட்டை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார். மாட்டினால் அது அவருக்கு. 19 வருஷத்தில் பெரிதாக மாட்டியது ஒரே ஒரு 500 ரூபாய்.

2025 ஜூலையில் ஐஜிடி என்ற கம்பெனி இரண்டாகப் பிரிந்ததாகச் செய்தி படித்தேன். லாட்டரிப் பகுதிக்கு 'பிரைட்ஸ்டார் லாட்டரி' என்று புதுப் பெயர். காசு போட்டு ஆடும் ஸ்லாட் மிஷின் பகுதியை அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஐஜிடி ஸ்லாட் பிரிவு, எவரி என்ற இன்னொரு கம்பெனி, இரண்டுக்கும் சேர்த்து 630 கோடி டாலர். யார் இவர்கள் என்று தேட ஆரம்பித்தவன் இரண்டு மாசமாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

இதில் இரண்டு ஆறு வந்து ஒன்றாகச் சேர்கிறது. முதல் ஆறு ஜிடெக். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம். அங்கே கை ஸ்னோடன், விக்டர் மார்க்கோவிச் என்று இரண்டு பேர். மார்க்கோவிச் கணிதக்காரர். 1970களில் அங்குள்ள அரசு லாட்டரிகள் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கின. கடையில் ஒரு டெர்மினல், அதிலிருந்து டெலிபோன் லைன், மறுமுனையில் மத்தியக் கம்ப்யூட்டர். வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த நம்பரைச் சொல்வார், கடைக்காரர் தட்டுவார், சீட்டு அங்கேயே அச்சாகி வரும். இவர்கள் 1980ல் தொடங்கிய ஜிடெக் இந்த அமைப்பை மாநிலம் மாநிலமாக விற்றது.

விற்றது என்று சொல்வதைவிட வைத்து நடத்தியது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் டெர்மினல், லைன், மென்பொருள், பராமரிப்பு எல்லாம் கம்பெனி பொறுப்பு. கூலி, மொத்த விற்பனையில் ஒரு சதவீதம். ஒப்பந்தம் பல வருஷத்துக்கு. யாருக்குப் பரிசு விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்தச் சதவீதம் வந்துகொண்டே இருக்கும்.

சீட்டு கேட்டபிறகுதான் அச்சாகிறது என்றால் பாக்கிச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது. அப்பாவின் 19 வருஷக் கவலையை ஒரு மிஷின் இல்லாமல் ஆக்கியிருக்கிறது. கூடவே அப்பா மாதிரி தெருவில் நின்று கூவுகிறவரும் அதற்குத் தேவைப்படவில்லை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

இன்னொரு ஆறு ஐஜிடி. அதை அடுத்து எழுதுகிறேன், கடை திறக்கணும்.

#2 கம்பம்_பள்ளத்தாக்கு

அண்ணே, உங்க அப்பாவ நான் பாத்திருந்தாலும் பாத்திருப்பேன். 90கள்ல மதுரைக்கு வந்தா பஸ் ஸ்டாண்டு முழுக்க சீட்டுக் கட்டுதான் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். தொடருங்க.

#3 மேலமாசிவீதி

நன்றி தம்பி. மத்தியானம் ஆள் வரத்து இல்லை, எழுதிவிடுகிறேன்.

சை ரெட் என்பவர் 1911ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். பாலி கம்பெனியின் ஸ்லாட் மிஷின்களை நெவாடாவில் விற்றுவந்தார். டிவி திரையில் சீட்டாட்டம் காட்டும் மிஷின் ஓடும் என்பது அவர் கணக்கு. பாலிக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனியாகப் பிரிந்து ஏ-1 சப்ளை என்று தொடங்கினார், அது சிர்கோமா ஆனது, 1981ல் ஐஜிடி என்ற பெயரோடு பங்குச்சந்தைக்கு வந்தது. 'வீடியோ போக்கர்' என்ற அந்தச் சீட்டாட்ட மிஷின் அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது.

ஆனால் ஐஜிடி கதையில் என்னை அசைத்தது ஒரு காப்புரிமை. டெல்னாஸ் என்பவர் 1984ல் பெற்றது. பழைய ஸ்லாட் மிஷினில் படங்கள் ஒட்டிய 3 உருளை சுற்றி நிற்கும், ஒவ்வொன்றிலும் 22 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பரிசுப் படம் உருளைக்கு ஒன்று என்றால், மூன்றும் சேர்ந்து நிற்க 22 × 22 × 22, அதாவது 10,648ல் ஒரு வாய்ப்பு. இதற்கு மேல் பெரிய பரிசு வைக்கணும் என்றால் உருளையைப் பெரிதாக்கணும், மிஷின் அலமாரி சைஸுக்குப் போய்விடும். டெல்னாஸ் என்ன செய்தார் என்றால், எங்கே நிற்பது என்பதை உள்ளே ஒரு சிப் தேர்ந்தெடுக்கும்படி செய்தார். சிப்புக்குள் இருக்கும் உருளையில் 64 இடம் வைக்கலாம், 256 வைக்கலாம். 64 என்றால் 2,62,144ல் ஒன்று. வெளியே கண்ணாடிக்குப் பின்னால் சுற்றுவது அதே 22 இடத்து உருளைதான்.

கண்ணுக்குத் தெரியும் உருளை வேறு, கணக்குப் போடும் உருளை வேறு. ஆடுகிறவர் வெளி உருளையைப் பார்த்துத் தன் வாய்ப்பை எடைபோடுவார். 1989ல் இந்தக் காப்புரிமையை ஐஜிடி வாங்கி, போட்டிக் கம்பெனிகளும் தன்னிடம் உரிமம் வாங்கும் நிலைக்குக் கொண்டுவந்தது.

1986ல் நெவாடா முழுக்க பல சூதாட்ட விடுதிகளில் இருந்த மிஷின்களை லைன் போட்டு இணைத்து 'மெகாபக்ஸ்' என்று ஒரே பரிசுக் குவியலாக்கினார்கள். 2003 மார்ச்சில் அதில் ஒரு இளைஞருக்கு 3 கோடியே 97 லட்சம் டாலர் விழுந்தது, இன்றுவரை ஸ்லாட் மிஷினில் அதுதான் உச்சம். விழும் வாய்ப்பு ஏறத்தாழ 5 கோடியில் ஒன்று. அது நடந்தபோது எங்கள் வீட்டில் தொழில் நின்று இரண்டு மாசம். மொத்த வியாபாரியிடம் கட்டிய முன்பணத்துக்காக அப்பா நடையாய் நடந்துகொண்டிருந்தார். கடைசிவரை வரவில்லை.

#4 திருநகர்_தம்பி

நல்ல இழை. மென்பொருள்காரன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன், தப்பா நினைக்காதீர்கள். ரேஷன் கடையில் கைரேகை வைத்து பில் போடும் மிஷினும் ஒரு கம்பெனி செய்ததுதான். அரிசி தரமாக இல்லை என்றால் மிஷின்காரனைத் திட்டுவோமா? லாட்டரி நடத்தலாம் என்று முடிவெடுப்பது அரசாங்கம். ஜிடெக் கம்பியும் கம்ப்யூட்டரும் கொடுத்தது, அவ்வளவுதானே?

#5 சிவகாசி_அச்சகம்

நான் 1991லிருந்து 2002 வரை சிவகாசியில் லாட்டரிச் சீட்டு அச்சடித்த ஆள். பல மாநிலச் சீட்டு எங்கள் ஊரில்தான் அச்சாகும். வடகிழக்கு மாநிலச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குப் படிக்கத் தெரியாது. நம்பர் மட்டும்தான் தெரியும்.

நம்பரிங் மிஷினில் ஒரு சக்கரம் அழுக்குப் பிடித்தால் 4 வரவேண்டிய இடத்தில் 3 நின்றுவிடும். அப்படி ஒரு தாள் வெளியே போனால் ஒரே நம்பரில் இரண்டு சீட்டு. அதனால் ஒவ்வொரு நூறுக்கும் நிறுத்தி, கடைசி இரண்டு எண்ணை விரலால் தடவிப் பார்ப்பேன், மை ஈரம் விரலில் ஒட்டும். வீணான தாளையும் எண்ணிக் கட்டி வைக்கணும், கிழித்து எறிய முடியாது. 11 வருஷத்தில் என் மிஷினில் ஒரு நம்பர்கூட இரட்டிக்கவில்லை என்பதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

மேலமாசிவீதி ஐயா விட்டுவிட்ட கம்பெனி ஒன்று உண்டு, அச்சுத்தொழிலில் இருந்தவர்களுக்கு அதுதான் பெரிய பெயர்: சயன்டிஃபிக் கேம்ஸ். மேல்பூச்சைச் சுரண்டிப் பார்க்கும் லாட்டரியைப் பாதுகாப்பாக அச்சிட வழி கண்டவர்கள். ஜான் கோசா, டேனியல் பவர் இருவரும் 1973ல் தொடங்கினார்கள். 1974ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முதல் சீட்டு. கோசா கம்ப்யூட்டர் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். சுரண்டிப் பார்க்கும் சீட்டில் சிக்கல் என்னவென்றால், ரிசல்ட் முன்கூட்டியே சீட்டுக்குள் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பரிசுச் சீட்டை மட்டும் கடைக்காரர் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு சீட்டிலும் எதை அச்சிடுவது என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கும், மேலே பூசும் பூச்சு வெளிச்சத்தை விடாது.

பிறகு அது கை மாறிய கதை தலை சுற்றும். 1982ல் பாலி அதை வாங்கியது. 2000ல் ஆட்டோடோட் என்ற கம்பெனி வாங்கித் தானே சயன்டிஃபிக் கேம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2014ல் அந்த சயன்டிஃபிக் கேம்ஸ், பாலி பெயரில் இருந்த கம்பெனியை 510 கோடி டாலருக்கு வாங்கியது. மருமகள் வீட்டில் மாமியார் குடிவந்த மாதிரி. 2022ல் லாட்டரிப் பகுதியை விற்றுவிட்டு, மிச்சம் 'லைட் அண்ட் வொண்டர்' என்று பெயர் வைத்துக்கொண்டது.

#6 மேலமாசிவீதி

அச்சக ஐயா, அப்பா டப்பாவில் இருக்கும் சீட்டு ஒருவேளை நீங்கள் தடவிப் பார்த்ததாகக்கூட இருக்கலாம். மனசு நிறைந்தது.

திருநகர் தம்பிக்கு. உங்கள் கேள்வி நியாயமானது, நானும் இதே கேள்வியோடு ஒரு வாரம் கிடந்தேன். ரேஷன் மிஷின் செய்தவருக்கு நான் 20 கிலோ வாங்கினாலும் 5 கிலோ வாங்கினாலும் ஒன்றுதான். அரிசி விற்பனையில் அவருக்குச் சதவீதம் கிடையாது. லாட்டரி மிஷின் கம்பெனிக்கு விற்பனை ஏற ஏறக் கூலி ஏறுகிறது. அப்படியானால் இன்னும் அடிக்கடி குலுக்கல், இன்னும் புது விளையாட்டு என்று அரசாங்கத்தின் காதில் ஓதுவதுதான் அவர்களுக்கு லாபம். அமெரிக்காவில் 'கீனோ' என்று ஒன்று, கடையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடி ஆடலாம். 4, 5 நிமிஷத்துக்கு ஒரு குலுக்கல் நடத்தும் மாநிலங்கள் உண்டு. அப்பா காலத்தில் குலுக்கலுக்காக ஒரு நாள், சிலசமயம் ஒரு வாரம் காத்திருக்கணும். அந்த இடைவெளியில் மனுஷனுக்குக் கொஞ்சம் புத்தி தெளிய நேரம் இருந்தது.

ஒப்பந்தம் பிடிப்பதற்கு எதுவரை போனார்கள் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. இங்கிலாந்தில் தேசிய லாட்டரி 1994ல் தொடங்கியது. நடத்தியது கேமலாட் என்ற கூட்டமைப்பு, அதில் ஜிடெக்குக்கு 22.5 சதவீதப் பங்கு. அதற்கு முந்தைய வருஷம், லாபம் எடுக்காமல் நடத்துகிறேன் என்று போட்டிக்கு நின்றவர் வர்ஜின் கம்பெனி முதலாளி ரிச்சர்ட் பிரான்சன். தன் வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது, விலகிக்கொள்ளச் சொல்லி ஜிடெக்கின் ஸ்னோடன் தனக்கு லஞ்சம் கொடுக்க முன்வந்தார் என்று பிரான்சன் பின்னாளில் சொன்னார். ஸ்னோடன் மறுத்தார். வழக்கு லண்டன் கோர்ட்டுக்குப் போனது. 1998 பிப்ரவரியில் ஜூரி பிரான்சன் பக்கம் தீர்ப்பளித்து 1 லட்சம் பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. ஸ்னோடன் பதவி விலகினார், ஜிடெக் தன் கேமலாட் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. கம்பியும் கம்ப்யூட்டரும் மட்டும் கொடுத்த கம்பெனிக்கு இது எதற்கு, தம்பி?

இரண்டு ஆறும் சேர்ந்த கதையையும் முடித்துவிடுகிறேன். இத்தாலியில் டி அகோஸ்தினி என்று ஒரு பதிப்பகம். 1901ல் ஒரு புவியியலாளர் தொடங்கியது, உலக வரைபடம் அச்சிட்டுப் பேர் வாங்கியது. அதே குழுமம் 2002ல் இத்தாலிய லாட்டரியை நடத்தும் லாட்டோமாட்டிக்காவை வாங்கியது. 2006ல் லாட்டோமாட்டிக்கா சுமார் 460 கோடி டாலருக்கு ஜிடெக்கை வாங்கியது. 2015 ஏப்ரலில் ஜிடெக், கடனையும் சேர்த்து 640 கோடி டாலருக்கு ஐஜிடியை வாங்கி, அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு லண்டனைத் தலைமையிடமாக வைத்தது. பத்து வருஷத்தில் மறுபடி பிரிந்தது, அதுதான் முதலில் சொன்ன செய்தி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வரைபடம் போட்ட வீடு இந்தத் தொழிலுக்கு வந்தது என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

#7 திருநகர்_தம்பி

சதவீதக் கணக்கை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

என் பங்குக்கு ஒன்று. மென்பொருளே குலுக்கல் நடத்தும்போது சிவகாசி ஐயா மாதிரி விரலால் தடவிப் பார்க்க ஆள் கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்களுக்குப் பொதுவாக லாட்டரி நடத்தும் சங்கம் ஒன்று அயோவாவில் இருக்கிறது. அதன் தகவல் பாதுகாப்பு இயக்குநராக இருந்தவர் எடி டிப்டன். எண்களைத் தேர்ந்தெடுக்கும் நிரலில் சில வரிகளை நுழைத்துவிட்டார். வருஷத்தில் குறிப்பிட்ட 3 தேதிகளில், சில நிபந்தனைகள் பொருந்தினால், விழக்கூடிய எண்கள் ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கிவிடும். 2010 டிசம்பரில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவரே சீட்டு வாங்கினார். கேமராவில் குரல் பதிவானது, கூட வேலை பார்த்தவர்கள் அடையாளம் காட்டினார்கள். 2017ல் அதிகபட்சம் 25 வருஷம் என்று தண்டனை. குலுக்கல் கம்ப்யூட்டர் இணையத் தொடர்பே இல்லாமல் பூட்டிய அறையில், கேமரா கண்காணிப்பில் இருந்தது. திருடன் அறைக்குள் நுழையவே தேவைப்படவில்லை, நிரலாக முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தான்.

#8 கம்பம்_பள்ளத்தாக்கு

எங்க ஊர்க்காரங்களுக்குத் தடை ஒரு தடையே இல்லண்ணே. கம்பத்துல பஸ் ஏறினா மலைக்கு மேல குமுளி. கேரளா லாட்டரி 1967ல ஆரம்பிச்சது, இன்னும் காகிதச் சீட்டுதான். ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி, சீட்டு 500 ரூவா. எங்க தோட்டத்துல வேலை பாக்குறவங்க அஞ்சு பேர் ஆளுக்கு 100 போட்டு ஒரு சீட்டு வாங்குவாங்க. திருவனந்தபுரம் கார்க்கி பவன்ல எல்லாரும் பாக்க குலுக்குறாங்க, அந்த மட்டும் ஒரு நம்பிக்கை.

ஆனா கீழ நடக்குறது வேற. அந்த கேரளா ரிசல்ட்டோட கடைசி மூணு நம்பர வச்சு இங்க கள்ளத்தனமா மூணு நம்பர் லாட்டரி எழுதுறானுங்க. சீட்டும் கிடையாது, அரசாங்கமும் கிடையாது, வாட்ஸ்அப்ல நம்பர் அனுப்பினா போதும். எங்க சித்தப்பா ஏலக்காத் தோட்டத்துக் கூலிய அப்படியே குடுத்துட்டு சனிக்கிழம வெறுங்கையோட வருவாரு. சித்தி முகத்தப் பாக்க முடியாது.

#9 மட்டுறுத்துநர்

மூன்று நம்பர் எழுதுபவர்கள் பெயர், போன் எண் யாரும் இங்கே போட வேண்டாம். இரண்டு பதிவை நீக்கியிருக்கிறேன். தொடரலாம்.

#10 ஒத்தக்கடை_வக்கீல்

தாமதமாக வருகிறேன், கோர்ட் வேலை. சட்டப் பக்கத்தில் இந்த இழைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

நம் கோர்ட்டுகள் பல காலமாகக் கேட்டுவந்த கேள்வி ஒன்றே ஒன்று: ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968ல் சொன்னது. குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று 1996ல் சொன்னது. இந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகள் வளர்ந்தன. 2020 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை, இளைஞர்கள் இதில் அழிகிறார்கள், ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று கவலையோடு எழுதியது. அந்த நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி 2022ல் மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில், ரம்மிக்கும் போக்கருக்கும் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ராத்திரி 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற விதி 2025 ஜூனில் நிலைத்தது.

இவ்வளவு வாதத்திலும் மேலமாசிவீதி கேட்ட கேள்வி பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது: ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கு எடுப்பவர் யார்? ஆன்லைன் ரம்மியில் நீங்கள் ஜெயித்தாலும் நான் ஜெயித்தாலும் மேஜையிலிருந்து கம்பெனி தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். ஜிடெக் கணக்குதான், போனுக்குள் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம்தான் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரம் தள்ளி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவாக இருந்தாலும் நடத்தக் கூடாது என்றது. எனக்கு அது சரியான பாதையாகப் படுகிறது. கூட வேலை பார்க்கும் நண்பர்கள் பலர் என்னோடு உடன்படுவதில்லை.

#11 உசிலை_டீச்சர்

மேலமாசிவீதி சொன்ன 64 இடத்து உருளையை 9ஆம் வகுப்பில் செய்து பார்த்தேன். அட்டையில் 22 கட்டம் உள்ள பட்டை 3 ஒட்டினோம், ஒவ்வொன்றிலும் ஒரு மாம்பழம்தான் பெரிய பரிசு. டப்பாவில் 64 துண்டுச் சீட்டு. ஒரே ஒரு சீட்டு மாம்பழத்துக்கு. மாம்பழத்துக்கு நேர் மேல் கட்டத்துக்கு 6, நேர் கீழ்க் கட்டத்துக்கு 6. மிச்சச் சீட்டு மற்ற கட்டங்களுக்கு.

120 தடவை எடுத்தார்கள். மூன்று மாம்பழம் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் 53 தடவை ஏதாவது ஒரு பட்டையில் மாம்பழம் கோட்டுக்கு ஒரு கட்டம் மேலேயோ கீழேயோ நின்றது. ஒவ்வொரு தடவையும் "டீச்சர், ஒரு கட்டத்துல போச்சு!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். பெல் அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை, இன்னும் ஒரே ஒரு தடவை என்றார்கள். பந்தயம் இல்லை, காசு இல்லை, வெறும் மாம்பழப் படம். எனக்குப் பயமாகிவிட்டது. மறுநாள் டப்பாவைத் திறந்து எந்தக் கட்டத்துக்கு எத்தனை சீட்டு என்று அவர்களையே எண்ண வைத்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எண்ணி முடித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஐயா, உங்கள் அப்பாவின் சீட்டுக் கட்டை ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டுவர முடியுமா? இந்தப் பிள்ளைகள் காகிதச் சீட்டைப் பார்த்ததே இல்லை.

#12 மேலமாசிவீதி

"ஒத்த நம்பர்ல போச்சு" என்று அப்பாவும் ராத்திரி ரிசல்ட் தாளை மடிக்கும்போது சொல்வார், டீச்சர். உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்துபோய் பரண் ஏணியைத் தானே எடுத்துப் போட்டார்.

டப்பாவை இறக்கியாச்சு. திங்கட்கிழமை ஆரப்பாளையத்தில் காலை 8 மணிக்குப் பஸ் ஏறுகிறேன். கட்டைப் பிரிக்காமல் கொண்டுவருகிறேன். மேலே இருக்கும் நூல் 2003ல் அப்பா கடைசியாகப் போட்ட முடிச்சு, அதைப் பிள்ளைகள் முன்னால் நானே அவிழ்க்கிறேன்.